புது டயர்: எந்த நூறு கிலோமீட்டர்?

புது டயர் வழுக்கும்ங்கறது பைக் ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். மாட்டிக் கொடுக்கும்போதே பஞ்சர் கடை அண்ணன் "ஒரு நூறு கிலோமீட்டர் பாத்துப் போங்க சார்"னு சொல்லித்தான் அனுப்புவார். ஏன் வழுக்குது, ஏன் நூறு, அந்த நூறுக்குள்ள டயர்ல என்ன மாறுதுன்னு கேட்டா மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். கொஞ்ச நாளா இதைத் தோண்டிக்கிட்டு இருந்தேன். காரணம் என் மச்சான். ஜவ்வாது மலையில, புதூர்நாடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியார். திருப்பத்தூர்ல இருந்து தினமும் மலை ஏறி இறங்குறவர். ஐப்பசி மழை நடுவுல ரெண்டு டயரையும் மாத்திட்டு வந்து என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல வழுக்கல்.

எல்லாரும் சொல்ற காரணம், அச்சுல இருந்து டயர் ஒட்டாம வர்றதுக்காக ஏதோ மெழுகு தடவுறாங்க, அது தேயற வரைக்கும் வழுக்கும்னு. இட்லித் தட்டுல எண்ணெய் தடவுற மாதிரி. கேக்க நல்லா இருக்கு, பாதிதான் உண்மை. டயரை வேக வைக்கும்போது ரெண்டு பக்கமும் ஒட்டுற ஆபத்து உண்டு. வெளிப்பக்கம் உலோக அச்சு. உள்பக்கம், பச்சை டயரை அச்சோட சேத்து அழுத்துற ரப்பர் பை, பிளாடர். ரப்பரோட ரப்பர் ஒட்டிக்கும்ங்கறதால வழுக்குப் பூச்சு அதிகம் தேவைப்படறது உள்பக்கத்துக்குத்தான். வெளி அச்சுக்கு இப்போ பல இடங்கள்ல அச்சுலயே ஒட்டாத பூச்சு போட்டுடறாங்க. அப்படின்னா மெழுகுக் கதை மட்டும் போதாது.

இன்னும் ரெண்டு காரணம் இருக்கு. முதலாவது, அந்த மேல்தோல். ரப்பர் வேகற வெப்பம் சுமார் 150 டிகிரிக்கு மேல. அச்சைத் தொட்டுக்கிட்டு இருக்கற மேல்பரப்பு அச்சோட வழவழப்பை அப்படியே வாங்கிக்கிட்டு பளபளன்னு வெளிய வரும். ரெண்டாவது, டயருக்குள்ளேயே கலந்து வெச்சிருக்கற மெழுகும் வேதிப்பொருள்களும். காத்துல இருக்கற ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். அதைத் தடுக்க மெழுகும் 6பிபிடி மாதிரியான பொருள்களும் கலக்கறாங்க. இவை மெதுவா உள்ள இருந்து மேல கசிஞ்சு வந்து ஒரு படலமா நிக்கும். நாள்பட்டு நிக்கற டயர் லேசா பழுப்பேறி இருக்கறதைப் பாத்திருப்பீங்க, இதுதான் அது. ஓடற டயர்ல இது தேஞ்சு போயிடும், கடை அலமாரியில மாசக்கணக்கா இருந்த டயர்ல படிஞ்சு கிடக்கும்.

(இடையில ஒண்ணு. இந்த 6பிபிடி ஓசோனோட சேந்து உருவாகற ஒரு பொருள், மழைத் தண்ணியில கலந்து ஓடைக்குப் போய், அமெரிக்காவோட மேற்குக் கரையில கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லுதுன்னு 2020 கடைசியில சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. பல வருஷமா காரணம் தெரியாம இருந்த மீன் சாவு. தனியா ஒரு கட்டுரைக்கான விஷயம், இங்க விட்டுடறேன்.)

வழவழப்பா இருந்தாலே வழுக்கும்னும் சொல்லிட முடியாது. ரேஸ் பைக்குக்கு போடற ஸ்லிக் டயர்ல ஒரு வெட்டுகூட இருக்காது, ஆனா பிடிப்புல அதை மிஞ்ச ஆள் இல்ல. ரப்பர் ரோட்டைப் பிடிக்கறது ரெண்டு வழியில. ஒண்ணு, ரப்பரும் கல்லும் மூலக்கூறு அளவுல நெருங்கி ஒட்டறது. இன்னொண்ணு, தார் ரோட்டுல நீட்டிக்கிட்டு இருக்கற ஜல்லி முனைகள் ரப்பருக்குள்ள அமுங்கறது. அமுங்கின ரப்பர் உடனே பழைய நிலைக்கு வராம கொஞ்சம் தாமதிக்குது, அந்தத் தாமதம்தான் நகர விடாம இழுக்குது. மேல மெழுகுப் படலம் இருந்தா முதல் வழி அடைபடும். ரோடு ஈரமா இருந்தா அது இன்னும் மோசம். ரெண்டாவது வழி அப்பவும் ஓரளவு வேலை செய்யும். புது டயர்ல காய்ஞ்ச ரோட்டுல மெதுவா போனா ஒண்ணும் தெரியாம, முதல் தூறல்ல மட்டும் கதை மாறறது இதனாலதான்.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புது ஷூ போட்டுக்கிட்டு கல்யாண மண்டபத்து கிரானைட் தரையில நடந்து பாத்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு நாள் ரோட்டுல தேச்சு நடந்தா அதே ஷூ நல்லாப் பிடிக்கும்.

அப்போ எவ்வளவு ஓடணும்? பல டயர் கம்பெனிகள் சொல்ற கணக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர். நம்ம ஊர்ல மைல் விழுந்துபோய் நூறு மட்டும் நின்னுடுச்சுன்னு நினைக்கறேன். கான்டினென்டல் கம்பெனி இந்தத் தேய்ப்பே வேண்டாம்னு, அச்சுலயே நுண்ணிய சொரசொரப்பு கொடுத்து வெளிய எடுக்கற ஒரு முறையை டிராக்‌ஷன் ஸ்கின்ங்கற பேர்ல கொண்டு வந்திருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டறவங்களைக் கேட்டா ஓரிரு ரவுண்டுல தேச்சுடுவோம்பாங்க. அவங்க டயர் சூடேறி, முழு விசையில, முழுசா சாய்ஞ்சு ஓடறது. நம்ம 125 சிசி பைக் மளிகைச் சாமானோட பஜார்ல போறதுக்கு அந்தக் கணக்கு ஆகாது.

இனி மச்சான் கேட்ட கேள்வி. சனிக்கிழமை டயர் மாத்தினார். அன்னைக்கே வேலூர்ல ஒரு கல்யாண வரவேற்பு, போய்ட்டு வந்துட்டார். ஞாயித்துக்கிழமை காலையில வந்து, "மாமா, நூத்தம்பதுக்கு மேல ஓடிடுச்சு. நாளைக்கு மலை ஏறலாம்ல?"ன்னார்.

டயரைக் குனிஞ்சு பாத்தேன். நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு மங்கி, சாம்பல் பூத்து, சரியா தேஞ்சிருந்தது. ரெண்டு ஓரமும் கடையில இருந்து வந்த மாதிரியே பளபளன்னு இருந்தது. அச்சுல காத்து வெளியேற வெச்சிருக்கற துளைகள்ல ரப்பர் புகுந்து முடி முடியா நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த முடி ஓரத்துல ஒண்ணுகூட மடங்கல. "மச்சான், நீங்க ஓட்டின நூத்தம்பது நடு டயர் ஓட்டினது. ஓர டயர் இன்னும் ஒரு மீட்டர்கூட ஓடல"ன்னு சொன்னேன்.

கணக்கு ரொம்ப எளிசு. வளைவுல பைக் எவ்வளவு சாயணும்ங்கறதுக்கு, வேகத்தோட வர்க்கத்தை, வளைவோட ஆரத்தாலயும் புவியீர்ப்பாலயும் வகுக்கணும். வர்ற எண்தான் சாய்வுக் கோணத்தோட டேன்ஜென்ட். டயருக்குத் தேவையான உராய்வுக் குணகமும் அதே எண்தான். தேசிய நெடுஞ்சாலையில 300 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60 கிலோமீட்டர் வேகத்துல எடுத்தா சாய்வு 5 டிகிரிதான் வருது. வேலூர் போய் வந்தாலும் சரி, சென்னை போய் வந்தாலும் சரி, டயரோட நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டைத் தொடும்.

மலைப்பாதை அப்படி இல்ல. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வெச்சிருக்காங்க. ஜவ்வாதுல பேர் இல்லாத வளைவுகள் நிறைய. கொண்டை ஊசியோட ஆரம் 10 மீட்டர்னு வெச்சுக்குவோம். 20 கிலோமீட்டர் வேகத்துல போனா குணகம் 0.31, சாய்வு 17 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. 30-ல போனா குணகம் 0.71, சாய்வு 35 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடிச்சு, தேவைப்படற பிடிப்பு ரெண்டே கால் மடங்கு ஆயிடுச்சு. பழகின டயர் காய்ஞ்ச தார்ல சுமார் 0.8 வரைக்கும் தாங்கும், ஈரத்துல அது 0.5 பக்கம் இறங்கிடும். அதாவது மழையில அந்த வளைவை 30-ல எடுக்கறது பழகின டயருக்கே முடியாத காரியம். ஓரம் தேயாத புது டயர்னா சொல்லவே வேண்டாம். 20-ல எடுத்தா புது டயர், ஈர ரோடு ரெண்டும் சேந்தாலும் கையில கொஞ்சம் மிச்சம் இருக்கும். டயரைப் பத்தி நான் படிச்ச எல்லாத்தையும் விட இந்த ஒரு வரிக் கணக்குதான் மச்சானுக்கு உறைச்சது. பின்னாடி அக்கா பொண்ணு உக்காந்திருக்கும்போது பத்து கிலோமீட்டர் குறைச்சா என்ன நட்டம்?

ஆனா ஓரத்தைத் தேக்கணும்னா சாயணும், சாயறதுதான் ஆபத்துன்னா எப்படித் தேக்கறது? லைசென்ஸ் எடுக்கும்போது ஆர்.டி.ஓ. முன்னாடி எட்டு போட்டோமே, அதுதான் வழி. காய்ஞ்ச சிமென்ட் தரையோ தார் போட்ட காலி இடமோ வேணும். மண் மைதானம் உதவாது, மண்ணு டயரைத் தேக்கறதை விட வழுக்கி விடறதுதான் அதிகம். முதல்ல 8 மீட்டர் ஆரத்துல பெரிய வட்டமா, 15 கிலோமீட்டர் வேகத்துல ரெண்டு பக்கமும் சுத்தினா 12 டிகிரி சாய்வு கிடைக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு வட்டத்தைக் குறுக்கி 4 மீட்டர் ஆரத்துக்கு வந்தா அதே வேகத்துல 24 டிகிரி. நெடுஞ்சாலையில 500 கிலோமீட்டர் ஓட்டினாலும் தொடாத இடம் இது. விழுந்தாலும் 15 கிலோமீட்டர் வேகம், எதிர்ல பஸ் இல்ல. கால்ல கெட்டி ஷூவும் தலையில ஹெல்மெட்டும் இருந்தா போதும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி டயரைப் பாருங்க. மங்கின பகுதி நடுவுல இருந்து ஓரத்தை நோக்கி அகலமாகிக்கிட்டே போகும், முடி மடங்க ஆரம்பிக்கும். மீட்டரைப் பாக்கறதை விட இந்த மங்கலைப் பாக்கறதுதான் சரியான அளவுகோல். மச்சான் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரைக்கும் எட்டு போட்டார், பசங்க சுத்தி நின்னு வேடிக்கை பாத்தாங்க. கடைசி ஒரு சென்டிமீட்டர் பளபளப்பாத்தான் இருந்தது. அந்த சாய்வுக்கு அவர் என்னைக்கும் போகப் போறதில்லை, விட்டுட்டோம்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்றதில்ல. புது டயர் பயத்துல பாதி, டயரோட வடிவம் மாறினதால வர்றது. பழைய டயர் நடுவுல தேஞ்சு தட்டையாகி இருக்கும், சாய்க்கும்போது ஒரு விளிம்பு தாண்டி விழற மாதிரி இருக்கும், அதுக்கே நம்ம கை பழகியிருக்கும். புது டயர் முழு உருண்டை. லேசா சாய்ச்சாலே பைக் சட்டுனு உள்ள போகும். வழுக்கின மாதிரி தோணும், உண்மையில டயர் சரியாத்தான் திரும்புது. அதனால அந்த 160 கிலோமீட்டர் டயருக்கு மட்டுமில்ல, ஓட்டறவருக்கும் சேத்து.

இப்போ மாட்டற கதை. நீங்களே மாட்டப் போறதில்லைன்னாலும் பக்கத்துல நின்னு பாக்கத் தெரியணும்.

டயரோட உள்விளிம்புல, பீடுன்னு சொல்ற இடத்துல, எஃகுக் கம்பி வளையம் இருக்கு. அது நீளவே நீளாது. 17 அங்குல ரிம்னா டயர் உக்கார்ற இடத்தோட விட்டம் சுமார் 43 சென்டிமீட்டர். ரிம்மோட விளிம்பு அதுக்கு மேல எல்லாப் பக்கமும் சுமார் 14 மில்லிமீட்டர் உயர்ந்து நிக்கும், அதாவது விட்டம் 46 சென்டிமீட்டர் ஆயிடும். 43 சென்டிமீட்டர் இரும்பு வளையத்தை 46 சென்டிமீட்டர் விளிம்பு மேல எப்படித் தாண்ட வைக்கறது? லீவரை வெச்சு பலமா நெம்பினாத்தான் முடியும்னு நினைக்கறவங்கதான் டியூபைக் கிழிக்கறவங்க. ரிம்மோட நடுவுல ஒரு பள்ளம் ஓடுது பாருங்க, அது சும்மா இல்ல. லீவர் போடற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்துல முழங்காலை ஊன்றி பீடை அந்தப் பள்ளத்துக்குள்ள அமுக்கிட்டா, இந்தப் பக்கம் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். தெரிஞ்ச கைக்கு கடைசி சுத்து கையாலயே ஏறும். வண்டி கட்டற ஆசாரி பட்டா ஏத்தறதுக்கு இரும்பைச் சூடாக்கி விரிய வெச்சார், இங்க விரிக்காமலே பள்ளத்தை வெச்சு அதே கணக்கை முடிச்சுட்டாங்க.

வழுக்கறதுக்கு சோப்புத் தண்ணி மட்டும்தான். கிரீஸ், இன்ஜின் ஆயில் தடவ விடாதீங்க. எண்ணெய் ரப்பரை ஊற வெச்சுடும், காயவும் காயாது. சோப்புத் தண்ணி காயறதுக்கும் ஒரு நாள் ஆகும். அது வரைக்கும் ரிம்முக்கும் டயருக்கும் நடுவுலயே வழுக்கல் இருக்கு. பலமா பிரேக் பிடிச்சா டயர் ரிம் மேல கொஞ்சம் நகரும், கூடவே டியூப் நகரும், வால்வு மட்டும் ரிம் ஓட்டையில மாட்டிக்கிட்டு சாயும், கடைசியில அடியோட பிய்யும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை இருக்கு. வால்வுல இருக்கற நட்டை ரிம்மோட இறுக்காம, மேல மூடிப் பக்கம் ஏத்தி விட்டுடுங்க. டயர் நகர்ந்தா வால்வு சாய்ஞ்சு நிக்கறது கண்ணுக்குத் தெரியும். நட்டை இறுக்கி வெச்சிருந்தா பிய்யற வரைக்கும் தெரியாது.

புது டயருக்குப் பழைய டியூப் போடாதீங்க. அது விரிஞ்சு பெருத்திருக்கும், உள்ள மடிப்பு விழும், மடிப்பு உரசி உரசி ஓட்டை விழும். ஸ்போக்ஸ் ரிம்னா உள்ள ரிம் டேப் சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க. டயர் பக்கவாட்டுல சுழற்சி அம்பு இருக்கும், அது வண்டி முன்னாடி போற திசையில இருக்கணும். சில டயர்ல முன் சக்கரத்துக்கு ஒரு அம்பு, பின் சக்கரத்துக்கு எதிர்த்திசையில ஒரு அம்பு இருக்கும். முன் டயர் அதிகமா வாங்கறது பிரேக் விசை, பின் டயர் அதிகமா வாங்கறது இன்ஜின் விசை, ரெண்டும் எதிரெதிர்ங்கறதால அப்படி. மஞ்சள் புள்ளி இருந்தா அது டயரோட எடை குறைஞ்ச இடம், வால்வுக்கு நேரா வைக்கணும்.

காத்து அடிச்ச உடனே வண்டியை வாங்கிட்டு வராம சக்கரத்தை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. ரிம் ஓரத்தை ஒட்டி டயர்ல ஒரு மெல்லிய கோடு வட்டமா ஓடும். அது எல்லா இடத்துலயும் ரிம்ல இருந்து ஒரே தூரத்துல தெரியணும். ஒரு இடத்துல உள்ள போயிருந்தா பீடு உக்காரல, காத்தை இறக்கி சோப்புத் தண்ணி விட்டு மறுபடி ஏத்தணும். பல பஞ்சர் கடைகள்ல இதை யாரும் பாக்கறதில்லை. அப்புறம் வண்டி குதிக்குது, பேரிங் போச்சுன்னு மெக்கானிக் கடைக்கு அலையறது நாமதான்.

வாங்கும்போதே தேதியைப் பாத்துடுங்க. பக்கவாட்டுல சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம். 2324ன்னு இருந்தா 2024-ம் வருஷம் 23-வது வாரம். பக்கத்துல 55பி மாதிரி ஒரு எழுத்து இருக்கும். 55-ன்னா 218 கிலோ தாங்கும், பி-ன்னா மணிக்கு 150 கிலோமீட்டர். சாமை மூட்டை, புளி மூட்டையைப் பின்னாடி கட்டி மலையில இருந்து சந்தைக்கு இறங்கற வண்டிகளுக்கு இந்த முதல் எண்தான் முக்கியம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கணும்.

காத்து எவ்வளவுன்னு வண்டியிலயே ஸ்டிக்கர் இருக்கும். பல கம்யூட்டர் பைக்கு முன்னாடி 25, பின்னாடி தனி ஆளுக்கு 28 பி.எஸ்.ஐ. பக்கம். பின்னாடி 120 கிலோ எடை இறங்குதுன்னா, 28 பி.எஸ்.ஐ.-ன்னா சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ, அப்போ ரோட்டைத் தொடற பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். உங்க உள்ளங்கை அளவு. புது டயர் பிடிக்கட்டும்னு காத்தைக் குறைக்கச் சொல்றவங்க உண்டு. அப்படிக் குறைச்சா பரப்பு கொஞ்சம் கூடும்தான், ஆனா முன்ன சொன்ன மாதிரி டயர் ரிம்ல நகர்றதும் கூடும்.

மலை ஏறினா காத்து கூடும், குறைச்சுக்கணும்னும் ஒரு பேச்சு டீக்கடையில ஓடுது. போட்டுப் பாத்தேன். திருப்பத்தூர் கடல் மட்டத்துல இருந்து 390 மீட்டர் பக்கம், காவலூர் வானாய்வகம் இருக்கற இடம் 725 மீட்டர் பக்கம். அந்த உயர வித்தியாசத்துக்கு வெளிக்காத்தோட அழுத்தம் 0.6 பி.எஸ்.ஐ. குறையும், கேஜ் அந்த அளவு கூடுதலா காட்டும். மேல ரெண்டு டிகிரி குளிர்ச்சி, அதனால 0.3 குறையும். மிச்சம் 0.3. பஞ்சர் கடை கேஜ்ல முள்ளு அசையறதுக்கே அது போதாது.

ஓரத்தைத் தேக்க உப்புத்தாள் போடறது, பெட்ரோல் விட்டுத் துடைக்கறது ரெண்டையும் கேள்விப்பட்டேன். உப்புத்தாள் கெடுதல் இல்ல, ஆனா எல்லா இடமும் சமமா தேய்க்க முடியாது, எட்டு போடறதுக்கு ஈடாகாது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மெழுகைக் கரைக்கறதோட நிக்காம ரப்பருக்குள்ள இறங்கி ஊதவும் வைக்கும்.

இதையெல்லாம் விட மோசமானது வாட்டர் வாஷ் முடிச்சு டயர்ல அடிக்கற பாலிஷ். காருக்குப் பக்கவாட்டுல அடிச்சா ரோட்டைத் தொடாது. பைக்குக்கு பக்கவாட்டும் ஓரமும் அடுத்தடுத்து இருக்கு, சாயும்போது பாலிஷ் போட்ட இடம்தான் ரோட்டைத் தொடும். அதுல இருக்கற சிலிக்கான் எண்ணெய் மூணு வருஷம் ஓடின டயரையும் புது டயர் ஆக்கிடும். வண்டியை விடும்போதே "அண்ணே, டயருக்கு ஒண்ணும் போடாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போட்டுட்டாங்கன்னா துணி துவைக்கற பவுடரையும் பிரஷ்ஷையும் வெச்சு நல்லாத் தேச்சுக் கழுவி, காய விட்டு, மறுபடி ரெண்டு நாளைக்கு 20-ல வளைஞ்சா போதும்.